மூணு மாச வேலையும் ஒரு துண்டுச் சீட்டும்

வத்துகாமத்திலிருந்து பன்விலவுக்கு ஏறுகிற பஸ்ஸில் எங்களில் ஒருத்தருடைய போனுக்கு ஒரு விளம்பரம் வந்தது. மாணவர்களுக்கு மட்டுமாம். கோடை விடுமுறையில் வெளிநாட்டில் வேலை, கலாசாரப் பரிமாற்றம், நல்ல சம்பளம், மூணு மாசத்தில் திரும்பி வந்துடலாம். போன் கைமாறிக் கைமாறி பஸ்ஸின் பின்சீட் வரைக்கும் போனது. எல்லோரும் சம்பளத்தைத்தான் பார்த்தோம். ஒருத்தி மட்டும், "முதல்ல நாம எவ்வளவு கட்டணுமாம்?" என்று கேட்டாள். அது விளம்பரத்தில் இல்லை.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் இதை எழுதுகிறோம். "கொஞ்ச மாசம் வேலை செய்துட்டு வந்துடலாம்" என்கிற வாக்கு நம்ம மலைக்குப் புதுசில்லை. நாம் இங்கே இருப்பதே அப்படி ஒரு வாக்கினால்தான்.

கோப்பிக் காலம்

பன்வில வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கும் கராம்புக்கும் இடையில் கோப்பிச் செடி இன்னும் நிற்கிறது. யாரும் பெரிசாகக் கவனிப்பதில்லை. ஆனால் தேயிலைக்கு முன்னால் இந்த மலையை ஆண்டது கோப்பிதான். 1820களின் நடுவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைப் பக்கம் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையில் போட்டார். 1840கள் வந்தபோது கண்டியைச் சுற்றியிருந்த காடுகள் வேகமாக விழுந்தன. மடுல்கலை, ரங்கல என்று நக்கிள்ஸ் மலைச்சரிவுகளும் கோப்பிப் பிரதேசங்கள் ஆயின.

கோப்பிக்கு வருஷம் முழுக்க ஒரே அளவு ஆள் தேவையில்லை. பழம் பழுக்கிற சில மாதங்களில்தான் பெருங்கூட்டம் வேண்டும். தமிழ்நாட்டில் வயல் வேலை குறைகிற காலமும் இங்கே பழம் பறிக்கிற காலமும் பெரும்பாலும் ஒத்துப்போயின. துரைமாருக்கு இது நல்ல வசதி. பறிக்கும்போது கூலி கொடுத்தால் போதும். மீதி மாசங்களில் அந்த ஆளின் சோறு, துணி, நோய் எல்லாம் அவனுடைய கிராமத்தின் பொறுப்பு.

தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து சனங்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுக்குள் நடை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பதிவும் இல்லை. 2023ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்த 'மாண்புமிகு மலையக மக்கள்' நடைபவனி, இந்த வழியை நினைவில் வைத்துத்தான் நடந்தது.

அவர்களை ஏமாந்த சனங்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஊரில் பஞ்சம் இருந்தது, கடன் இருந்தது, சாதிக் கொடுமை இருந்தது. ஒரு பருவம் போய்வந்தால் கடனை அடைக்கலாம், கையில் நாலு காசு மிஞ்சும் என்று அவர்களும் கணக்குப் போட்டுத்தான் வந்தார்கள். இன்றைக்கு நாம் போனைப் பார்த்துப் போடுகிற கணக்கும் ஏறக்குறைய அதேதான்.

கடனும் துண்டும்

கணக்கு எங்கே பிழைத்தது? ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே பிழைத்துவிட்டது.

ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் கிராமத்தில் முன்பணம் கொடுப்பார். வழிச்செலவும் அதோடு சேரும். தோட்டத்துக்கு வந்து முதல் கூடை பழம் பறிக்கும்போதே தொழிலாளி கடன்காரன். துரை நேராகத் தொழிலாளியோடு பேச மாட்டார். துரைக்குக் கீழே பெரிய கங்காணி, அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிமார், கடைசியில் தொழிலாளி. எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அதற்கேற்ப கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. சம்பளம் வராவிட்டால் யாரைக் கேட்பது? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டலாம்.

இதற்கு மேலே வந்ததுதான் துண்டு. தொழிலாளி தோட்டம் மாறவேண்டுமென்றால் பழைய துரையிடமிருந்து ஒரு சீட்டு வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்பதுதான் அதன் சாரம். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். ஆள் மாறினான், கடன் மாறவில்லை, அது அவன் கூடவே புதுத் தோட்டத்துக்கு வந்தது. 1900களின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வந்தது. தோட்டத்தின் இலக்கம் பொறித்த ஒரு தகடு. அதை வைத்திருந்தால் வழிநெடுக காசு கொடுக்காமல் வரலாம். காசு கொடுக்காமல் வந்தது உண்மை. ஆனால் அந்தச் செலவு முடிந்த இடம் கடன் கணக்கு.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. கோப்பி செத்து நாற்பது வருஷம் ஆனபிறகு.

சொக்லேட் பெட்டிகள்

இனி ஒரு பெரிய தாவல். 2011 ஆகஸ்ட், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம், பால்மைரா என்ற ஊர். ஹெர்ஷி கம்பனியின் சொக்லேட்டுகளைப் பொதிசெய்கிற ஒரு களஞ்சியத்தில் வெளிநாட்டு மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். சீனா, துருக்கி, உக்ரேன், நைஜீரியா என்று பல நாட்டுப் பிள்ளைகள். எல்லோரும் ஜே-1 விசாவில் வந்தவர்கள்.

இந்த விசாவின் வேர் 1961ஆம் ஆண்டின் ஃபுல்பிரைட்-ஹேய்ஸ் சட்டம். நாடுகளுக்கிடையில் கல்வி, கலாசாரப் பரிமாற்றம் நடக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அதற்குள்தான் 'கோடை வேலை, பயணம்' என்ற திட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் வந்து வேலைசெய்து, பிறகு கொஞ்சம் ஊர் சுற்றிப்பார்த்துத் திரும்புவது. கடற்கரை ஹோட்டல்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும் அப்படி வேலைசெய்து சந்தோஷமாகத் திரும்பிய பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பால்மைராவில் அப்படி இல்லை. இங்கே வருவதற்கே மாணவர்கள் 3,000 முதல் 6,000 டொலர் வரை கட்டியிருந்தார்கள். வந்தபின் பாரமான பெட்டிகளைத் தூக்கும் வேலை, பலருக்கு இரவு முறை. சம்பளத்திலிருந்து வாடகை பிடித்ததுபோக, கட்டிய காசைக்கூட மீட்க முடியாது என்று தெரிந்துபோனது. கலாசாரப் பரிமாற்றம் என்று அவர்கள் பார்த்தது சொக்லேட் பெட்டியும் ஓடுகிற பட்டியும்தான்.

யாரைக் கேட்பது? சொக்லேட் ஹெர்ஷியுடையது. களஞ்சியத்தை நடத்தியது எக்ஸல் என்ற கம்பனி. ஆட்களை வேலைக்கு வைத்தது இன்னொரு கம்பனி. விசாவுக்குப் பொறுப்பு ஒரு பரிமாற்ற நிறுவனம். நாலு கை. துரை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று படித்துப் பழகிய நமக்கு இந்த ஏணி நன்றாகவே தெரியும்.

ஆனால் முடிவு வேறு மாதிரி. அந்த மாணவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்தது. புகார் எழுதத் தெரிந்தது. பக்கத்தில் தொழிலாளர் அமைப்புகள் நின்றன. அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் 2012இல் அந்தப் பரிமாற்ற நிறுவனத்தைத் திட்டத்திலிருந்து நீக்கியது. விதிகளையும் மாற்றி, களஞ்சிய வேலை, தொழிற்சாலை வேலை, முழு இரவு வேலை போன்றவற்றுக்கு இந்த மாணவர்களை எடுப்பதைத் தடுத்தது. அதே வருஷம் 1,000க்கு மேற்பட்ட மாணவர்களுக்கு ஏறத்தாழ 213,000 டொலர் நிலுவைச் சம்பளம் கொடுக்க இணக்கம் ஏற்பட்டது.

'பருவம்' என்ற பெயர்

வசதியான பெயர்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் எங்களை யோசிக்க வைக்கிறது. 'பரிமாற்றம்' என்று பெயர் வைத்தால் அவன் தொழிலாளி இல்லை, விருந்தாளி. விருந்தாளி சம்பளத்தைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லையே! 'பருவ ஆள்' என்று பெயர் வைத்தால் அவன் ஊர்க்காரன் இல்லை, போய்விடுவான். போகிறவனுக்கு எதற்கு வீடு, பள்ளிக்கூடம், வாக்கு?

இந்தப் பெயருக்கு நம்ம சனம் கொடுத்த விலை பெரிது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. 1880களில் கோப்பி சரிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்கவேண்டும். வந்தவர்கள் லயங்களில் தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், இங்கேயே புதைந்தார்கள். வேலை பருவ வேலையாக இல்லாமல் போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இவர்கள் வந்துபோகிறவர்கள்தானே என்ற வாதம் தயாராக இருந்தது. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாட்டுக்கும் எண்ணிக்கையாகப் பிரித்தது. மிச்சம் இருந்தவர்களுக்கு முழுமையாகப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். கோப்பிப் பழத்தோடு ஒட்டிய ஒரு பெயரைக் கழற்ற இவ்வளவு காலம்.

போவதா, வேண்டாமா?

போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பன்விலவில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறவரிடம் அப்படிச் சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. ஆனால் கங்காணியிடம் நம்ம பூட்டன், பூட்டிமாரால் கேட்க முடியாமல்போன சில கேள்விகளை நாம் கேட்கலாம்.

ஒன்று: போகிற செலவு யாருடையது? அதை மீட்க எத்தனை வாரம் வேலை செய்யவேண்டும்? பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்க.

இரண்டு: வேலை சரியில்லை என்றால் வேறு இடத்துக்கு மாற முடியுமா? மாறினால் விசா என்னாகும்? இதுதான் இன்றைய துண்டு.

மூன்று: சம்பளம் தருகிற ஆள் யார்? பெயரும் விலாசமும் எழுத்தில் இருக்கிறதா? இங்கேயிருந்து அனுப்புகிற ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா?

பஸ்ஸில் கேள்வி கேட்டவளோடு சேர்ந்து இந்த மூன்றையும் அந்த விளம்பரக்காரருக்கு அனுப்பினோம். "ஆபீசுக்கு வாங்க, நேரில் பேசுவோம்" என்று பதில் வந்தது. எழுத்தில் தாருங்கள் என்று திரும்பக் கேட்டிருக்கிறோம்.