வரைபடமும் கிப்லாவும்

புவியியல் மாணவர் கற்கவேண்டிய முதற்பாடம் திசை. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் ஆதரவில் அல்இத்ரீஸீ 1154இல் நிறைவுசெய்த உலகப்படத்தில் தெற்கு மேலே அமைந்திருக்கும். இதனை அறியாதார்க்கு உலகமே தலைகீழாகத் தோன்றும்.

அடுத்த பாடம் நுட்பமானது: உருண்டையான புவியைத் தட்டையான தாளில் திரிபின்றி வரைய இயலாது. புதுக்கோட்டை மாணவர் ஒருவர் மெர்கேட்டர் முறை உலகப்படத்தில் தம் ஊரையும் மக்காவையும் அளவுகோலால் இணைப்பாராயின், அக்கோடு மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 பாகை சாய்ந்திருக்கும். கோளக் கணக்கின்படி கிப்லாவோ 21 பாகை. முன்னது திசைகாட்டியின் கோணம் மாறாது செல்லும் வழி. பின்னது மிகக் குறுகிய வழி.

இக்கணக்கு நமக்குப் புதிதன்று. அல்பீரூனீ 1025இல் முடித்த 'தஹ்தீத்' நூலில், ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை ஆய்ந்து கஸ்னாவின் கிப்லாவைக் கணித்தார். தொழுகையின் தேவையே நில அளவைக் கலையை வளர்த்தது.

தொலைவிலுள்ளோர் பொதுத்திசையை நோக்கினால் போதும் என அறிஞர் பலர் கூறியுள்ளனர். ஆகவே பழைய பள்ளிவாசல்களில் காணப்படும் சிறு சாய்வு பூசலுக்குரியதன்று. ஆயினும், அந்தச் சாய்வைக் கணக்கிட அறியாத மாணவரை நம் அரபுக் கல்லூரிகள் உருவாக்குமாயின், அது அல்பீரூனீயின் வழிவந்தோர்க்கு இழுக்கேயாகும்.