மேற்றிசையாரின் தலைவன்: எகிப்தியர் சமயத்தில் நாயுருவும் மரணமும்

யோசேப்பின் கட்டளைப்படி வைத்தியர் யாக்கோபின் உடலுக்குச் சுகந்தவர்க்கமிட்டனர் என்றும், அதற்கு நாற்பது நாள் சென்றது என்றும் ஆதியாகமத்தின் இறுதி அதிகாரம் கூறுகிறது. எகிப்தியர் அத்தொழிலுக்குத் தலைவனாகக் கொண்ட தெய்வம் அனுபிஸ். நாய்த்தலையுடைய மனிதனாகவோ, படுத்திருக்கும் கரிய விலங்காகவோ அவனைத் தீட்டினர்.

மரித்தோரின் தெய்வத்திற்கு நாயுருவம் ஏன்? பாலைவன ஓரத்தில் ஆழமின்றிப் புதைக்கப்பட்ட உடல்களைக் குள்ளநரிகளும் நாய்களும் தோண்டின. எதற்கு அஞ்சினரோ அதனையே காவலாக்கினர் என்பர் ஆய்வாளர் பலர். ஊகமே எனினும் இது பொருத்தமுடையது. நிறம் மட்டும் இயற்கையைத் தழுவியதன்று. அவ்விலங்கு மணல் நிறத்தது, ஓவியத்திலோ கருமை. பதனிடப்பட்ட உடலும் கருமை, பயிர் விளைக்கும் நைல் வண்டலும் கருமை. ஆதலின் இது துக்கத்தின் நிறமன்று, மறுவாழ்வின் நிறம். நம்மவரின் துக்க உடையைக் கொண்டு இதனை அளத்தல் தகாது. (எகிப்தில் திரியும் அவ்விலங்கு ஓநாய்க்கு நெருங்கிய தனியினம் என்பதை 2015ஆம் ஆண்டின் மரபணு ஆய்வு காட்டிற்று. 'வழிகளைத் திறப்பவன்' எனப்பட்ட வெப்வாவெட்டின் நகராகிய அசியூத்தைக் கிரேக்கர் 'ஓநாய் நகர்' என்றழைத்தது அத்தனை பிழையன்று போலும்!)

ஆபிடோஸ் நகரில் பண்டுதொட்டு வணங்கப்பட்டவன் கென்டியமென்டியு என்னும் நாயுருத் தெய்வம். அப்பெயருக்கு 'மேற்றிசையாரில் முதல்வன்' என்பது பொருள். மேற்றிசையார் எனின் மரித்தோர். ஒசிரிஸ் வழிபாடு ஓங்கியபோது அப்பெயர் ஒசிரிசின் பட்டமாயிற்று. மரித்தோரின் அரசுரிமை மனித உருக்கொண்ட தெய்வத்திற்குச் சென்றது. அனுபிஸோ அகற்றப்படவில்லை, நியாயத்தீர்ப்பு மண்டபத்தில் துலாக்கோலைக் கவனிப்பவனாய் நின்றான். மரித்தவனின் இதயம் ஒரு தட்டில், மாஅத் என்னும் நீதியின் இறகு மறுதட்டில். இத்துணை உயர்ந்த நீதியுணர்வு கொண்டோரே, தன் இதயம் தனக்கு விரோதமாய்ச் சாட்சி கூறாதிருக்க ஒரு மந்திரத்தையும் எழுதி உடலோடு வைத்தனர். எகிப்தியர் சமயத்தை 'மிருக வணக்கம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் இம்முரணைக் காணாமற் போகின்றனர்.

யாத்திராகமம் 11:7 இல், தலைப்பிள்ளைகள் மாளும் இரவில் இஸ்ரவேலருக்கு விரோதமாய் ஒரு நாயும் நாவை அசைப்பதில்லை என்றிருக்கிறது. அனுபிஸ் வாயடைக்கப்பட்டான் என இதனைப் பிரசங்கிக்கும் ஆவல் எழக்கூடும். ஆயினும் நாவை அசையாமை என்னும் அதே எபிரெய வழக்கு யோசுவா 10:21 இல் மனிதரைக் குறித்து வருகிறது. தள்ளுபடி ஆகமங்களுள் ஒன்றாகிய யூதித்திலும், அசீரியச் சேனாபதியை நோக்கி, உம்மைக் கண்டு ஒரு நாயும் உறுமாது என்று கூறப்படுகிறது. அவ்விடங்களில் எகிப்தும் இல்லை, அனுபிஸும் இல்லை.