செங்கொடிப் பாட்டு வந்த வழி

1889 டிசம்பரில் ஒரு நாள் இரவு, லண்டனில் சோசலிசக் கூட்டமொன்று முடிந்து ஜிம் கானல் சேரிங் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். பிளாட்பாரத்தில் நின்ற கார்டு சிவப்புக் கொடியை உயர்த்துவதும் இறக்குவதுமாக இருந்தார். கானலின் கண் அதிலேயே நின்றது. வீடு இருந்த நியூ கிராஸுக்கு அங்கிருந்து கால் மணி நேரப் பயணம். இறங்குவதற்குள் பாட்டின் பெரும்பகுதி தயார். மிச்சத்தை வீட்டில் போய் முடித்தார். டிசம்பர் 21 அன்று 'ஜஸ்டிஸ்' என்ற சோசலிசப் பத்திரிகையில் அது அச்சானது. தலைப்பு, 'செங்கொடி'. பத்து ஆண்டுகள் கழித்துப் பிறக்கப்போகும் பிரிட்டிஷ் தொழிலாளர் கட்சிக்கு அதன் பாட்டு அன்றே எழுதப்பட்டுவிட்டது.

கால் மணி நேரத்தில் வந்த பாட்டு என்றாலும், அதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கையே இருந்தது. கானல் அயர்லாந்தின் மீத் மாவட்டத்துக்காரர், 1852இல் பிறந்தவர். டப்ளின் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கே சங்கம் சேர்க்கப் பார்த்ததால் வேலை கொடுக்க ஆளில்லாமல் போய், 1875இல் லண்டனுக்கு வந்தார். அவர் பாட்டு எழுதிய அதே 1889இன் ஆகஸ்டில் லண்டன் துறைமுகமே நின்றுபோயிருந்தது. அந்த நாளைய துறைமுக வேலை எப்படியென்றால், காலையில் வாசலில் கூட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்கு வேலை, அதுவும் சில மணி நேரத்துக்கு. மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். கைகாட்டலுக்காக ஒருவரையொருவர் நெட்டித் தள்ளிக்கொண்ட அந்த மனிதர்கள், பென் டில்லெட், டாம் மான், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் முன்னால் நிற்க, மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு ஐந்து வாரம் ஒன்றாக நின்றார்கள். உலையில் போட ஒன்றுமில்லாத கட்டத்தில் ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் சுமார் 30,000 பவுண்டு திரட்டி அனுப்பினார்கள். முகம் பார்த்திராத ஊரிலிருந்து வந்த அந்தப் பணம்தான் வேலைநிறுத்தத்தைத் தாங்கியது. கேட்ட கூலி கிடைத்தது.

கானலின் இரண்டாவது சரணத்தில் பிரான்சும் ஜெர்மனியும் மாஸ்கோவும் சிகாகோவும் வருவதை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். லண்டன் துறைமுக வேலைநிறுத்தமும், சிகாகோவில் தூக்கிலிடப்பட்ட தொழிலாளர் தலைவர்களும், அயர்லாந்தின் நிலப் போராட்டமும் தன் மனத்தில் இருந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். ஒரு நாட்டுக் கொடியைப் போற்றும் பாட்டாக அது எழுதப்படவில்லை.

மெட்டு விஷயத்தில்தான் அவருக்குக் கடைசிவரை ஆறாத வருத்தம். அவர் நினைத்து எழுதியது 'வெள்ளைக் குஞ்சம்' என்ற பழைய ஸ்காட்லாந்து மெட்டை. துள்ளிக்கொண்டு போகும் நடை. 1895இல் அடால்ஃப் ஸ்மித் ஹெடிங்லி என்பவர் அதை எடுத்துவிட்டு, 'டன்னன்பாம்' என்ற ஜெர்மானிய மெட்டில் பாட்டை ஏற்றினார். கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நின்று பாடுவார்களே, அந்த மெட்டு. கானலுக்குக் கோபம். பாவத்தை நினைத்துப் பயந்து மனம் திருந்தச் சொல்லும் சர்ச் சங்கீதம் அது என்றார். பெர்னார்ட் ஷாவும் அதை ஒரு சவ ஊர்வலத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். என் கருத்து வேறு. துள்ளும் மெட்டைப் பாடப் பயிற்சி வேண்டும், மூச்சும் வேண்டும். பத்து மணி நேரம் சுரங்கத்திலோ ஆலையிலோ நின்றுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தவர், சுருதி தெரியாதவர், பாட்டை அன்றுதான் முதல்முறை கேட்டவர் எல்லோரும் சேர்ந்துகொள்ள இந்த மெதுவான மெட்டுதான் இடம் கொடுத்தது. எழுதியவர் வெறுத்த மெட்டுதான் பாட்டைப் பிழைக்க வைத்தது.

1900 பிப்ரவரி 27 அன்று லண்டன் ஃபாரிங்டன் தெருவில் இருந்த மெமோரியல் ஹாலில் தொழிற்சங்கங்களும் சோசலிச அமைப்புகளும் கூடி, தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழுவை அமைத்தன. 1906இல் 29 பேர் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும் அது தொழிலாளர் கட்சி ஆனது. பாட்டு அதன் மாநாடுகளில் நிலைத்தது. அமெரிக்காவுக்கும் கப்பலேறி, ஐ.டபிள்யூ.டபிள்யூ. (உலகத் தொழில்துறைத் தொழிலாளர்கள்) என்ற சங்கத்தின் சிவப்புப் பாட்டுப் புத்தகத்தில் இடம் பிடித்தது.

தென்னாப்பிரிக்காவில் அது போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நேர்மையில்லை. 1922இல் ரேண்ட் தங்கச் சுரங்கங்களில் வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் இடத்தில் குறைந்த கூலிக்குக் கறுப்பர்களை வைக்க முதலாளிகள் முனைந்தது காரணம். உலகத் தொழிலாளர்களே, வெள்ளைத் தென்னாப்பிரிக்காவுக்காக ஒன்றுசேருங்கள் என்ற பொருளில் பதாகை பிடித்தார்கள். கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அரசு பீரங்கியாலும் விமானத்தாலும் போராட்டத்தை அடக்கியது. அந்த நவம்பரில் பிரிட்டோரியாவில் தூக்குமேடை ஏறிய ஹல், லூயிஸ், லாங் என்ற மூவரும் பாடிக்கொண்டே போனது இந்தச் 'செங்கொடி'யைத்தான். அவர்களுடைய துணிவு பெரிது. ஆனால் இரண்டாவது சரணத்தில் உலகமே வருகிற பாட்டைப் பாடியபடி, பக்கத்தில் நின்று மண் தோண்டியவனை வெளியே தள்ள முடிந்திருக்கிறது. அடுத்த ஆறு மாதத்துக்குள், 1923 மே 1 அன்று, சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினக் கூட்டம் நடத்தினார். கானலின் பாட்டு வழியாக வந்தவரல்ல அவர். ஆனால் மீனவக் குப்பத்தில் பிறந்து சாதியையும் எதிர்த்த அவர் கையில் இருந்த செங்கொடி, ரேண்டில் உயர்ந்ததைவிடக் கானலின் கொடிக்கு நெருக்கமானது என்றே எனக்குப் படுகிறது.

பிரிட்டனிலோ, பாட்டைப் பார்த்துச் சங்கடப்பட்டவர்கள் தலைவர்கள்தான். கட்சியின் முதல் பிரதமரான ராம்சே மெக்டொனால்டுக்கு அது பிடிக்காது. 1925இல் புதுப் பாட்டுக்குப் போட்டி நடந்தது. 300க்கு மேல் பாட்டுகள் வந்து குவிந்தன. பாடகர் ஜான் மெக்கார்மக்கும் பாடகர் குழு நடத்துநர் ஹ்யூ ராபர்ட்டனும் நடுவர்கள். எதுவும் தேறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். 1929 பிப்ரவரியில் கானல் இறந்தார். கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் டாம் மான் இரங்கலுரை ஆற்ற, பாட்டை இரண்டு மெட்டிலும் பாடினார்கள். அவர் விரும்பிய மெட்டுக்கு அன்றாவது மரியாதை கிடைத்தது.

1945 ஆகஸ்ட் 1 அன்று புதிய நாடாளுமன்றம் கூடியது. தேர்தலில் தோற்றுப்போன சர்ச்சில் அவைக்குள் வந்ததும் கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் எழுந்து அவரை வாழ்த்திப் பாடினார்கள். எதிர்வரிசையில் 393 இடம் வென்ற கட்சி. சுரங்கத் தொழிலாளர்களும் ரயில்வேக்காரர்களும் வாத்தியார்களும் நிறைந்த அந்த வரிசையிலிருந்து 'செங்கொடி' எழுந்தது. அந்த அவையில் இருந்தவர்கள்தான் அடுத்த மூன்றாண்டுக்குள் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கினார்கள், 1948 ஜூலை 5இல் இலவச மருத்துவத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பாட்டுக்கும் பாடியவர்களின் வேலைக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்த காலம் அது.

1976 மே மாதம், விமான, கப்பல் தொழில்களை நாட்டுடைமையாக்கும் மசோதாவில் அரசு ஒரே ஒரு வாக்கில் வென்றபோதும் தொழிலாளர் கட்சியினர் அவையில் இதைப் பாடினார்கள். எதிர்க்கட்சியின் மைக்கேல் ஹெசல்டைன் ஆத்திரத்தில் அவையின் செங்கோலையே தூக்கிவிட்டார். 1986இல் செங்கொடிச் சின்னம் போய்ச் சிவப்பு ரோஜா வந்தது. டோனி பிளேர் காலத்தில் பாட்டு ஓரங்கட்டப்பட்டு, பிறகு மாநாட்டுக்குத் திரும்பியது. 2015இல் ஜெரமி கார்பின் தலைவரான அன்று தொண்டர்கள் அதைப் பாடிக் கொண்டாடினார்கள். 2022 லிவர்பூல் மாநாடு மன்னருக்கான தேசிய கீதத்தோடு தொடங்கியது. இவ்வளவுக்கும் பிறகும், மாநாட்டு முடிவில் 'செங்கொடி' பாடும் வழக்கத்தைத் தொண்டர்கள் விடவில்லை.

ஆனால் பொதுவாக எல்லோர் நாவிலும் இருப்பது முதல் சரணமும் பல்லவியும். பின்னால் வரும் ஒரு சரணத்தில், பணத்தையும் பதவியையும் மட்டுமே நினைத்து, பணக்காரன் முகம் சுளித்தால் கொடியை இறக்கிவிடுகிறவர்களைக் கானல் கடுமையாகச் சாடியிருக்கிறார். தொழிலாளர் கட்சி என்று ஒன்றே இல்லாத 1889இல் எழுதியது அது. மாநாட்டு மேடையில் தலைவர்கள் வரிசையாக நிற்கும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் தொண்டர்கள் அந்தச் சரணத்தையும் சேர்த்துப் பாட வேண்டும்.