இயந்திரம் பெற்ற நீதி

2014 ஏப்ரல் 25. அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்துப் பிளிண்ட் நகரிலே ஒரு விழா! நகரத் தலைவர் பொத்தானை அழுத்துகிறார். டெட்ராய்ட் நகரிலிருந்து வந்த ஹூரான் ஏரி நீர் நிற்கிறது, பிளிண்ட் ஆற்று நீர் பாய்கிறது. குவளை உயர்த்திப் பருகி மகிழ்கின்றனர் பிரமுகர்கள். செலவு மிச்சமாம்!

ஊரார் கேட்டதா இந்த மாற்றம்? இல்லை, தோழர்களே! நகரம் கடனில் மூழ்கிற்று என்று காரணம் காட்டி, மாநில ஆளுநர் அனுப்பிய அவசர நிர்வாகியே அங்கு ஆண்டார். அத்தகைய நிர்வாகிகளுக்கு அளவிலா அதிகாரம் தந்த சட்டத்தை 2012 நவம்பரில் மாநில மக்கள் வாக்களித்து வீழ்த்தினர். அடுத்த மாதமே புதுச் சட்டை அணிந்து வந்தது அதே சட்டம்! பிளிண்ட் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பர் என்பதையும் மறந்திடலாகாது.

பழைய குழாய்கள் காரீயத்தால் ஆனவை. அவற்றை நீர் அரிக்காதிருக்க பாஸ்பேட் கலப்பது முறை. டெட்ராய்ட் கலந்தது, பிளிண்ட் கலக்கவில்லை. காரீயம் கரைந்து குவளைக்கு வந்தது. நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறோம் நாம். நீரில் கரைந்த காரீயமும் அவ்வாறே கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாது. பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும்.

அந்த ஆண்டு அக்டோபரிலே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, ஆற்று நீர் எந்திர உறுப்புகளை அரிக்கிறது என்றது. உடனே வேறு நீர் கிடைத்தது. தாய்மார் நீரைப் புட்டியில் ஏந்தி வந்து முறையிட்டபோதோ, அஞ்சற்க என்றனர் அதிகாரிகள். 2015 மார்ச்சில் நகர மன்றம் ஏழுக்கு ஒன்று என்ற வாக்கில் பழைய நீரையே கேட்டது, நிர்வாகி மறுத்துவிட்டார். இரும்புக்கு இரங்கிய நெஞ்சம்!

கைகட்டி நிற்கவில்லை மக்கள். நூறு கோடிப் பங்கில் 15 பங்குக்கு மேல் காரீயம் இருப்பின் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்பது நடுவணரசின் விதி. ஒரு வீட்டில் 104 பங்கு இருந்தது, பின்னர் 397! வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து வீடு வீடாகப் புட்டி கொடுத்து, நீர் சேர்த்து, சோதனைக்கு அனுப்பினர். மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷா குழந்தைகளின் குருதிக் கணக்கை வெளியிட்டார். முதலில் மறுத்த அரசு பின்னர் பணிந்தது. அக்டோபர் 16இல் ஏரி நீர் மீண்டது.

அடுத்தது வழக்குமன்றம். 2016இல் தொடுத்த வழக்கின் விளைவாக, 2017 மார்ச்சில் காரீயக் குழாய்களை மாற்றித்தர உடன்பாடு ஏற்பட்டது. உயிருக்கும் உடலுக்கும் ஊறு செய்த அதிகாரிகள் பதவிக் கவசத்துள் ஒளிய இயலாது என்று 2019இல் மேல்முறையீட்டு மன்றம் கூறிற்று. 2021 நவம்பரில் 62 கோடியே 60 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு மன்றம் இசைந்தது, பெரும்பங்கு சிறார்க்கு. ஆயின் குற்றவழக்கு? தனியொரு நீதிபதி குற்றம் சாட்டிய முறை செல்லாது என்று 2022இல் மாநில உச்ச மன்றம் கூற, அது சரிந்தது.

குழாய்ப் பணியும் தவணை தவறிற்று. 2024இல் நகர ஆட்சியையே மன்ற அவமதிப்புக்கு உள்ளாக்கினார் நீதிபதி. ஏறத்தாழ 11,000 குழாய்கள் மாற்றப்பட்டுவிட்டன என்ற அறிவிப்பு வந்தது 2025 ஜூலையில். ஆற்று நீரில் கரைத்த புட்டிப்பாலைப் பருகிய குழந்தைக்கு அப்போது வயது பதினொன்று.