மழபாடிக் கல்வெட்டும் இரட்டை முதன்மைப் பாடமும்

கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில் உள்ள திருமழபாடியைப் பக்தர்கள் பங்குனியில் நடக்கும் நந்தி திருக்கல்யாணத்தால் அறிவார்கள். வரலாறு படிப்பவர்கள் அறிய வேண்டிய காரணம் வேறு. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1013இல், இங்குள்ள வைத்தியநாதசுவாமி கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். சுவரை இடிக்கும் முன் அதிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் அடக்கம். அவன் மகன் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆண்டில், 1026இல், அவை புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. ஆவணக் காப்பு பற்றிய அக்கறை சோழர் ஆட்சியில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இந்தச் சுவரின் முன் இன்று ஒரு பட்டப்படிப்பு மாணவரை நிறுத்தினால் என்ன ஆகும்? முந்தைய அரசர் ஒருவரின் பெயரும் ஆட்சியாண்டும் கல்லில் இருக்கும். எழுத்தமைதியோ 1026ஆம் ஆண்டுக்குரியது. எழுத்தை மட்டும் வைத்துக் காலம் கணித்தால் ஒரு முடிவு, வாசகத்தை மட்டும் நம்பினால் இன்னொரு முடிவு. தமிழ் மட்டும் படித்தவர் சொற்களைப் பிரித்துப் பொருள் சொல்லிவிடுவார். நில அளவு, வரி, சபையின் அதிகாரம், ஆட்சியாண்டுக் கணக்கு என்று வரும்போது தயங்குவார். வரலாறு மட்டும் படித்தவருக்குச் சோழர் நிருவாகம் தெரியும். கிரந்த எழுத்து விரவிய பழைய வரிகளைத் தாமே படிக்க வராது, பிறர் தந்த சுருக்கத்தை நம்பியிருக்க வேண்டும். இரண்டு துறைகளும் ஒரே தலைக்குள் சேர்ந்தால்தான் இந்தச் சுவர் முழுமையாக வாய் திறக்கும்.

நம் கல்லூரிகளின் பாடத்திட்டம் இதற்கு இடம் தருவதில்லை. பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3இல் ‘மேஜர்’, அதன் பக்கத்தில் ‘அலைடு’ என்ற துணைப்பாடம்: இதுவே பல தலைமுறைகளாகப் பழகிய சட்டகம். துணைப்பாடம் சில தாள்களோடு முடிந்துபோகும். எழுதித் தேறியதும் மறந்துவிடுகிற அளவுக்கே பெரும்பாலோர் அதைப் படிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அதற்கு அவ்வளவு இடம்தான் தரப்பட்டிருக்கிறது.

இரண்டு துறைகளைச் சேர்த்துப் படிக்க இந்தியாவில் இப்போது இரு வழிகள் உள்ளன. பேச்சில் இவை அடிக்கடி குழம்பிவிடுகின்றன. முதலாவது, பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அனுமதித்த இரட்டைப் பட்டம். வகுப்பு நேரங்கள் மோதாவிட்டால் இரு முழுநேரப் படிப்புகளைக் கல்லூரிக்குச் சென்றே படிக்கலாம்; ஒன்றை நேரிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ படிக்கலாம்; இரண்டையுமே தொலைநிலையில் படிக்கவும் தடையில்லை. முனைவர் பட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது. இரண்டாவது, 2022 டிசம்பரில் அதே குழு வெளியிட்ட இளநிலைப் பாடச் சட்டகத்தில் வரும் இரட்டை முதன்மைப் பாடம். இதில் பட்டம் ஒன்றுதான், முதன்மைப் பாடங்கள் இரண்டு. இரண்டாம் துறையில் குறைந்தது 40 விழுக்காடு மதிப்பலகுகள் (கிரெடிட்) பெற வேண்டும்: மூன்றாண்டுப் படிப்பில் 120க்கு 48, நான்காண்டில் 160க்கு 64.

இக்கட்டுரை பரிந்துரைப்பது இரண்டாம் வழியை. அந்த 48 என்ற எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டாவது பாடத்துக்கு உண்மையான எடை வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் கசப்பான அனுபவத்தால் அறிவார்கள். ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் ஓராண்டில் இன்னொரு பட்டம் பெறும் படிப்பு இங்கே நெடுநாள் நடந்தது. பதவி உயர்வுக்காகப் பலர் அதைப் படித்தார்கள். மூன்றாண்டுப் பட்டத்துக்கு அது இணையாகுமா என்ற வழக்கு 2010களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ‘இரட்டைப் பட்டம்’ வழக்கு என்ற பெயரோடு நடந்தது. முடிவு அவர்களுக்குப் பாதகமாக அமைந்தது. படித்தவர்கள் மேல் தவறில்லை. எடை குறைந்த படிப்பை முழுப் பட்டத்தின் பெயரால் வழங்கிய அமைப்பின் தவறு அது.

இப்படியொரு பட்டம் இல்லாமலே பெரியவர்கள் இரு துறைகளையும் ஆளவில்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணம் பாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். அந்தத் தமிழாசிரியர்தான் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் தேடிப் படித்து ‘பிற்காலச் சோழர் வரலாறு’ எழுதினார். ஐராவதம் மகாதேவன் வேதியியலும் சட்டமும் படித்து, ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் உலகறிந்த அறிஞரானார். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தொரு மட்சுயியும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினி கொண்டு அடைவாக்கி 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். கல்வெட்டும் வரலாறும் எண்ணியலும் சந்தித்த இடம் அது. இவர்கள் பல்துறையாளர்களானது தனி முயற்சியால். ஓர் அரசுக் கல்லூரி அசாதாரண மனிதர்களை மட்டும் நம்பிப் பாடம் வகுக்க முடியாது.

திருமழபாடியிலிருந்து அரியலூர் அரசு கலைக் கல்லூரிக்குப் பேருந்தில் வரும் மாணவியை நினைத்துப் பார்க்கலாம். போகவும் வரவும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். காலையில் ஒரு ஷிப்ட், பிற்பகலில் இன்னொரு ஷிப்ட் என்று இரண்டு பட்டங்களுக்குப் பதிவு செய்துகொள்ள விதி இடம் தருகிறது. கடைசிப் பேருந்து தராது. தொலைநிலையில் இரண்டாவது பட்டம் என்றால் தனிக் கட்டணம், தனித் தேர்வு மையம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்தவருக்கு இவை சிறிய தடைகள் அல்ல. ஒரே வளாகம், ஒரே கால அட்டவணை, ஒரே கட்டணம் என்று அமையும் இரட்டை முதன்மைப் பாடம்தான் அவருக்கு எட்டும் வழி.

சுமை கூடுமே என்பது நியாயமான அச்சம். கூடத்தான் செய்யும். விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், முதலாண்டுத் தேர்ச்சிக்குப் பிறகு திறந்துவிட்டால் போதும். எல்லா இணைப்புகளும் எல்லா இடத்துக்கும் பொருந்தா. மண்ணைப் பார்த்து இணைக்க வேண்டும். அரியலூர் வட்டாரம் கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகளுக்குப் பெயர் பெற்றது. 1862இல் பிளான்ஃபோர்டு வெளியிட்ட ஆய்விலிருந்து இன்றுவரை நிலவியலாளர்கள் இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். அப்படிவுகளின் சுண்ணாம்புக் கல்லைச் சிமெண்ட் ஆலைகளும் தோண்டுகின்றன. சுரங்கத்தால் மாறும் கிராமத்தை விளக்க நிலவியலும் பொருளியலும் சேர்ந்தே தேவைப்படும்.

மானியக் குழுவின் சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. அந்த நிலைப்பாடு இரட்டை முதன்மைப் பாடத்துக்குத் தடையாக வேண்டியதில்லை. இம்முறை அக்கொள்கைக்கு நெடுங்காலம் முன்பே அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்கில் இருப்பது. அரியலூர் கல்லூரி இணைந்துள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு தன் சொந்த விதிகளிலேயே இதைக் கொண்டுவரலாம். தமிழும் வரலாறும் சேர்ந்த ஒரு பட்டத்தை அரியலூர் கல்லூரியில் முதலில் தொடங்கி, அதன் களப்பயிற்சியைத் திருமழபாடியிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் நடத்த வேண்டும். பணி நியமன அறிவிக்கைகளில் அப்பட்டம் இரு துறைகளுக்கும் தகுதியாகும் என்ற அரசாணையை, முதல் மாணவர் சேர்க்கைக்கு முன்பே உயர்கல்வித் துறை வெளியிட வேண்டும்.