தடை விழுந்த பாடம்

1511 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. கரீபியன் கடலின் இஸ்பானியோலா தீவில், சாண்டோ டொமிங்கோ நகரத் தேவாலயம். ஆளுநர் டியேகோ கொலம்பஸே பூசைக்கு வந்திருந்தார். பிரசங்கம் செய்ய ஏறிய டொமினிகன் துறவி அந்தோனியோ தெ மொந்தெசினோஸ், எதிரில் இருந்த ஸ்பானியக் குடியேறிகளிடம் நேராகவே கேட்டார்: தங்கச் சுரங்கங்களில் இத்தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களை வதைத்துக் கொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? அவர்களும் மனிதர்கள்தானே?

சபை கொதித்தது. பேச்சைத் திரும்பப் பெறவேண்டும் என்று மடத்துக்கே போய் நின்றார்கள். மடத்தலைவர் பெத்ரோ தெ கோர்தோபா அசையவில்லை. அது எங்கள் எல்லோருடைய பேச்சும்தான் என்றார். அடுத்த ஞாயிறு மன்னிப்பை எதிர்பார்த்துக் கூட்டம் திரண்டது. மொந்தெசினோஸ் முன்னைவிடக் கடுமையாக அதையே பேசினார்!

வழக்கு கடல் கடந்து மன்னர் பெர்னாண்டோவிடம் போனது. 1512இல் பூர்கோஸ் சட்டங்கள் வந்தன. ஓய்வு, உணவு, கூலி எல்லாம் ஏட்டில் எழுதப்பட்டன. கட்டாய உழைப்பு மட்டும் நீங்கவில்லை. தைனோக்கள் மடிந்துகொண்டே இருந்தார்கள். பண்ணையும் அடிமை உழைப்பும் வைத்திருந்த பாதிரியார் லாஸ் காஸாஸ் 1514இல் மனம் மாறி, தனக்கு உழைக்க ஒதுக்கப்பட்டிருந்த பூர்வகுடிகளை விட்டுக்கொடுத்தார். மொந்தெசினோஸின் பிரசங்கம் இன்று நமக்குத் தெரிவது லாஸ் காஸாஸ் எழுதிவைத்ததால்தான். ஆனால் துறவிகள் கேட்ட அந்த 'யார் உரிமை கொடுத்தது?' என்பதற்குச் சட்டமொழியில் பதில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் பின்னாளில் அத்துறவிகள் ஸ்பெயினில் புறப்பட்டுவந்த மடத்திலேயே கிடைத்தார். சலமான்காவின் சான் எஸ்தெபான் மடத்துத் துறவி, அந்நகரப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா. பெருவில் ஸ்பானியர் நடத்திய கொலைகளின் செய்தி அவரை உலுக்கியிருந்தது. 1539இல் விரிவுரை நிகழ்த்தினார்: அந்த மண்ணுக்கு உண்மையான உடைமையாளர்கள் அம்மக்களே, கிறிஸ்தவர் அல்ல என்பதால் உடைமை பறிபோகாது, பேரரசர் உலகத்துக்கே அதிபதி இல்லை, போப்பாண்டவரும் இல்லை. போர் தொடுக்கச் சில நியாயங்களையும் அவர் விட்டுவைத்தது பெருங்குறைதான். ஆயினும் அரசவைக்கு அந்தப் பாடமே தாங்கவில்லை. நவம்பரில் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடமிருந்து மடத்துக்குக் கடிதம் வந்தது: இனி இதைப் பேசக்கூடாது, குறிப்புகளை ஒப்படைக்கவேண்டும்.

விட்டோரியா ஒரு விரிவுரையைக்கூட அச்சில் காணாமல் 1546இல் காலமானார். கதை அதோடு முடிந்திருக்கும், மாணவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் தப்பியிராவிட்டால். 1557இல் பிரான்சின் லியோன் நகரில் அவை நூலாயின. 1609இல் டச்சு அறிஞர் குரோஷியஸ், கடல் எல்லோருக்கும் பொது என்று வாதாட அதிலிருந்து மேற்கோள் எடுத்தார்.

இன்று நாடுகள் எல்லைக்கும் கடலுக்கும் போருக்கும் சாட்சிக்கு அழைக்கும் சர்வதேசச் சட்டத்தின் வேர்களில் ஒன்று இந்தப் பாடம்தான். ஜெனீவாவின் ஐ.நா. மாளிகையில், ஆயுதக் குறைப்பு மாநாடு பல ஆண்டுகள் கூடிவந்த மண்டபத்துக்கு விட்டோரியாவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.