கர்னலுக்கு முந்தைய படி

2017ல், புனேயில் எங்கள் கிளைக்கு ஒரு லெப்டினன்ட் கர்னல் வீட்டுக்கடன் கேட்டு வந்தார். திருச்சிக்காரர், வயது 40. "மூணு போர்டும் போச்சு சார். இனி ப்ரமோஷன் இல்லைன்னே வெச்சு தவணை போடுங்க" என்றார். ஸ்கேல் மூன்றுக்கு இரண்டு முறை இன்டர்வியூ போய் வந்த எனக்குச் சுருக்கென்றது.

பிறகுதான் தேடிப் படித்தேன். 1999 கார்கில் போருக்குப் பின், பட்டாலியனை நடத்துபவர்களுக்கு வயது கூடிவிட்டது என்ற பேச்சு வலுத்தது. அஜய் விக்ரம் சிங் குழு சொன்னபடி 2004 டிசம்பரில் மாற்றம் வந்தது. அதுவரை தேர்வு செய்து கொடுத்த லெப்டினன்ட் கர்னல் பதவி, 13 வருட சர்வீஸிலேயே கிடைத்தது. நல்லதுதானே? ஆனால் வடிகட்டல் ஒரு படி மேலேறி கர்னலில் போய் உட்கார்ந்துகொண்டது! அங்கே பேட்ச்மேட்டுகளுக்குள்தான் போட்டி. மூன்று வாய்ப்பிலும் தவறினால், நேற்றைய ஜூனியருக்கு சல்யூட் அடிக்க நேரும். 26 வருடம் முடித்தால் கர்னல் பட்டம் வரும், பட்டாலியன் வராது.

2009ல் கூடுதல் கர்னல் இடங்களைப் பங்கிட்டபோது காலாட்படைக்கும் பீரங்கிப்படைக்கும் அதிகம் போனது. மற்ற பிரிவு அதிகாரிகள் வழக்குப் போட்டார்கள். (சீருடையில் இருந்துகொண்டே! நம்மால் முடியுமா?) 2015ல் ராணுவத் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார்கள். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பங்கீட்டுக் கொள்கை செல்லும் என்றது. கூடவே போர் ஆதரவுப் பிரிவுகளுக்கு 141 கர்னல் இடங்களைப் புதிதாக உருவாக்கவும் சொன்னது.

திருச்சிக்காரருக்கு அதில் இடமில்லை. 54ல் ஓய்வு என்று வைத்து, 14 வருடத் தவணை போட்டுக் கொடுத்தேன்.